கிராஞ்சி, இரண்டு நடை

விடியுமுன் நாலரைக்குப் பாலத்தில் இருப்பேன்,
ஜொகூர்ப் பக்கமிருந்து, மழைச்சட்டையோடு, மோட்டார் சைக்கிளில்.
அந்தப் பிப்ரவரியில் ஜப்பான்காரன் வந்ததும் இந்தப் பக்கமிருந்துதான்.
அவனிடம் யாரும் கடப்பிதழ் கேட்கவில்லை.

கிராஞ்சியில் கோழிப்பண்ணை. பதினோரு வருடமாய் முட்டை லோரி.
தட்டுக்கு முப்பது, நடைக்கு நானூறு தட்டு.
திருமதி கோ கொடுத்த நோட்டில் மூன்று பத்தி:
ஏற்றியது. இறக்கியது. உடைந்தது.
மூன்றும் ஒத்துப்போகாவிட்டால்
அந்த அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வராது.

போகிற வழியில் குன்றின் மேல் நினைவிடம்.
ஒருநாளும் உள்ளே போனதில்லை.
போன செவ்வாய் ரேடியேட்டர் கொதித்து
லோரி அதன் வாசலிலேயே நின்றது.
குழாய்த் தண்ணீர் கிடைக்குமா என்று ஏறிப் போனேன்.

சுவரெல்லாம் பெயர்.
உடல் கிடைக்காதவர்கள், இருபத்து நாலாயிரத்துக்கு மேல்
என்றான் புல் வெட்டிக்கொண்டிருந்த மொஃபிசுல்.
மனசு தன்னாலே கணக்குப் போட்டது:
எண்ணூறு தட்டு. என் லோரியில் இரண்டு நடை.
வெட்கமாய் இருந்தது.
எனக்குத் தெரிந்த வேறு அளவு இல்லை.

ஒரு சுவரில் நம் ஆட்கள்.
ஆங்கில எழுத்துக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்த பெயர்கள்.
பதிவேட்டில் தகப்பன் பேர், ஊர், தாலுகா, ஜில்லா.
உடம்பைத் தொலைத்தவர்கள்
தாலுகாவைத் தொலைக்கவில்லை.

இந்த மண்ணில் முதலில் காம்பீர், மிளகு,
அப்புறம் பால்மரம், பன்றி, கீரை,
இப்போது கோழி, தவளை, ஆடு.
நடுவில் சில நாள் குண்டு.
ஆற்றில் எண்ணெய் எரிந்ததாம்;
தண்ணீரும் சுடும் என்று மீன்களுக்குத் தெரிந்த இரவு.

பண்ணையில் தட்டுக் கழுவ ஒரு சிமெண்டுத் தொட்டி,
பால்மரத் தோட்டக் காலத்தது.
விளிம்பில் ஆணியால் கீறிய ஏதோ எழுத்து.
மந்திரம் என்று திருமதி கோ
வருடத்துக்கு ஒருமுறை ஊதுபத்தி வைப்பார்.
பதினோரு வருடம் அந்தப் பாசியின் மேல்தான் தட்டுகளைக் கவிழ்த்தேன்.
சுவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று தேய்த்தேன்.

1941 கார்த்திகை
அங்கமுத்து
வீராயி
செங்கோடன்
பொ. பச்சையப்பன்
மாரக்காள்
காத்த

ஆறாவது அவ்வளவுதான்.
காத்தானா, காத்தாயியா, காத்தமுத்துவா?
சிமெண்டு இறுகிவிட்டதா, கங்காணி கூப்பிட்டானா?
ஓரத்தில் ஒரு நாயின் காலடி,
நாலு விரலும் தெளிவாய்.

இவர்கள் சிப்பாய்கள் இல்லை. நம்பர் இல்லை, ஜில்லா இல்லை.
சயாம் ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனார்களா,
மரவள்ளி தின்று இங்கேயே பிழைத்தார்களா,
குன்றின் மேல் யாரைக் கேட்பது?
பிழைத்திருந்தால்
காத்தவின் பேரன் தினமும் என் பின்னால்
பாலத்தில் ஹாரன் அடிப்பவனாகவும் இருக்கலாம்.

குத்தகை அடுத்த வருடம் முடிகிறது.
அப்புறம் ராணுவப் பயிற்சிக்காம், மறுபடி பூட்ஸ்.
தொட்டியை என்ன செய்வது என்று கேட்டேன்.
"நாலு ஆள் வேணும் அதைத் தூக்க" என்றார் திருமதி கோ.
கொஞ்சம் கழித்து, "என்னதான் எழுதியிருக்கு?"
வாசித்துக் காட்டினேன்.
கூடவே சொல்லிப் பார்த்தார்.
அவர் வாயில் மாரக்காள் மலாக்கா ஆகிவிட்டாள்.
சிரிக்கவில்லை, இரண்டாம் தடவை மெதுவாய்ச் சொன்னார்.

ராத்திரி நோட்டை எடுத்து
அன்றைய தேதிக்குக் கீழே
ஆறு பேரையும் எழுதினேன்,
ஆறாவதை அப்படியே பாதியில்.
ஏற்றியது தெரியும், கப்பல் கப்பலாய்.
இறக்கியது எங்கே என்று தெரியாது.
மூன்றாவது பத்தியில் பேனாவை வைத்தேன்,
வைத்தபடியே இருந்தேன்,
மை ஊறிப் பெரிய புள்ளியாகிவிட்டது.

மறுநாள் பாலத்தில் வரிசையில் நிற்கும்போதுதான்
ஞாபகம் வந்தது:
நாயைச் சேர்க்கவில்லை.